பத்தால் வகுக்கப்பட்ட மாமா

மார்ச் 3

அருமை மருமகள் சிடுமூஞ்சிக்கு,

இதுவரை எந்த மாமனும் எந்த மருமகளுக்கும் எழுதியிராத ஒரு கதையை, தையல் மெஷின் மீது வலது கையை வைத்துச் சத்தியம் செய்துவிட்டு எழுதத் தொடங்குகிறேன். இதை யாரும் நம்பப்போவதில்லை. நீ நம்பமாட்டாய். உன் அம்மா, அதாவது என்னைப் பெறாமல் வளர்த்த என் அக்கா, முதல் வரியிலேயே கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுவாள். நம்பாதவர்களுக்கு எழுதுவதில்தான் எழுத்தின் பெருமை இருக்கிறது.

உன் மகள் பிறந்து நான்கு மாதமாகியும் நான் ஏன் வந்து பார்க்கவில்லை என்று கேட்டிருந்தாய். வந்தேன் அம்மா. புதுச் சட்டை போட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் நிலையம் வரைக்கும் வந்தேன். அங்கே ஒரு நீளமான பெஞ்சில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த மறுநொடி அதிலிருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். ஒரு தாய் தன் பிள்ளையையும் கையைப் பிடித்து எழுப்பி நிறுத்தினாள். அரசன் அமர்ந்தால் குடிகள் நிற்பதுதானே முறை. ரயிலுக்குள்ளும் இதே மரியாதை நடந்தது. கைக்குழந்தைக்காரர்களும் வயசானவர்களும் எனக்காக நின்றுகொண்டே வருவதைப் பார்க்க என் கருணை உள்ளம் இடம் தரவில்லை. வண்டி கிளம்புவதற்குள் இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கைபேசியை எடுப்பதில்லை என்பது அடுத்த குற்றச்சாட்டு. நீ முகம் தெரிகிற மாதிரிதான் கூப்பிடுகிறாய். என் முகப்பொலிவு தாங்காமல் உன் கைபேசி வெடித்தால் அந்தப் பாவம் யாருக்கு?

பேத்திக்கு ஒரு கவுன் அனுப்பியிருக்கிறேன். நீ அனுப்பிய படத்தைப் பார்த்துக் கண்ணாலேயே அளவெடுத்தது. உலகில் இந்த வித்தை எனக்கும் இன்னொருவருக்கும்தான் தெரியும். அவர் போன மாதம் காலமாகிவிட்டார்.

இப்படிக்கு,
கோட்டுகளின் கோமான், கத்தரிக்கோல் கைவரப்பெற்றவன்,
உன் மாமன்

மார்ச் 12

மாமா,

கவுன் வந்தது. அதற்குள் என் மகளோடு சேர்த்து இன்னும் இரண்டு குழந்தைகளை வைக்கலாம். அம்மா அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "என் தம்பி துணியிலயும் புளுக ஆரம்பிச்சிட்டானா" என்று கேட்டாள்.

நம் குடும்பத்தில் உங்களுக்கென்றே ஒரு கணக்கு இருப்பது உங்களுக்கும் தெரியும். மாமா சொன்னால் பத்தால் வகுக்கணும். பத்து நாய் துரத்தியது என்றால் ஒரு நாய் குரைத்தது. எனக்குக் கூட்டல் தெரிவதற்கு முன்பே இந்த வகுத்தலைச் சொல்லித் தந்துவிட்டார்கள். இப்போது எனக்குச் சம்பளமும் இதற்குத்தான் தருகிறார்கள். காப்பீட்டு அலுவலகத்தில் காலையிலிருந்து சாயங்காலம் வரை மற்றவர்களின் விபத்துக் கதைகளைப் படித்து, எதில் எவ்வளவு தண்ணீர் கலந்திருக்கிறது என்று பார்க்கிறேன். உங்கள் ரயில் நிலையக் கதையை என் மேலதிகாரி படித்தால் சிவப்பு மையே தீர்ந்துவிடும்.

ஆனால் மாமா, எனக்கு இப்போது சிரிப்பு வரவில்லை. பிரசவ அறையில் வலியோடு வலியாக, "மாமா வந்தாச்சா" என்றுதான் கேட்டேனாம். அம்மா சொல்லிக் காட்டுகிறாள். என் கணவர் நேற்று மெதுவாக, "உங்க மாமாவுக்கு என்மேல ஏதும் வருத்தமா? கல்யாணத்துல நான் சரியா பேசலையா?" என்கிறார். நான் என்ன பதில் சொல்வது?

பெஞ்சும் அரசனும் வேண்டாம். ஏன் வரவில்லை என்று நேராகச் சொல்லுங்கள்.

உங்கள் மருமகள்

மார்ச் 20

சிடுமூஞ்சி,

நேராகச் சொல் என்கிறாய். சொல்லிவிடுகிறேன். எனக்கும் என் தோலுக்கும் பாகப்பிரிவினை நடந்துகொண்டிருக்கிறது. இத்தனை வருடம் ஒன்றாக இருந்தது போதும், தனிக்குடித்தனம் போகிறேன் என்று அது பிடிவாதம் பிடிக்கிறது. முதலில் முழங்கை போனது. பிறகு முழங்கால், முதுகு, தலை. இப்போது காது மடல் வரை கையெழுத்துப் போட்டுக்கொடுத்துவிட்டேன். காலையில் போர்வையை உதறினால் இன்னொரு ஆள் விழுகிறான். அவனைத் துடைப்பத்தால் கூட்டி முறத்தில் அள்ளித்தான் என் நாள் விடிகிறது. இந்த வீட்டில் வாடகை கொடுப்பது ஒருவன், உதிர்வது பலர்.

கடையில் எனக்குப் பெரிய பதவி உயர்வு. வக்கீல் கோட்டு தைப்பதில் என்னை அடிக்க ஆள் இல்லை என்பது நீ அறிந்தது. கறுப்புத் துணியை நான் தொட்டால் இப்போது அதன்மேல் பனி பெய்கிறது. ஒரு வக்கீல் நீதிமன்றத்தில் எழுந்து நின்றதும் நீதிபதி, "வெளியில மழையா பனியா?" என்று கேட்டாராம். முதலாளி மிகவும் பண்புள்ளவர். "அண்ணே, நீங்க ராஜா மாதிரி உள்ளே உக்காந்து கோட்டுக்கு உள்துணி மட்டும் தைங்க" என்றார். அன்றிலிருந்து நான் திரைக்குப் பின்னால். வெளியே துணி வெட்டுகிற புதுப் பையன் ஆட்களை அளந்து அளவைக் கத்துவான், உள்ளே நான் எழுதிக்கொள்வேன். ஆளைத் தொடாமல் தைக்கும் முதல் தையற்காரன் நான்தான்.

முடிவெட்டுகிறவரின் கடைக்கு எப்போது போனாலும் "நாளைக்கு வாங்க". அவர் கடையில் மட்டும் காலண்டரில் இன்று என்ற தேதியே கிடையாது. பாதத்து வெடிப்புகள் வாயைத் திறந்து என் மூதாதையர் வரைக்கும் திட்டுகின்றன. காலையில் ஊசியில் நூல் கோக்க வேண்டுமென்றால் முதலில் விரல்களைக் கூட்டி ஒரு மாநாடு நடத்தவேண்டும். தலைவர் கட்டைவிரல் வந்து சேரவே பத்து மணியாகிவிடும். படுத்தால் ஒரு பட்டாளம் பூட்ஸோடு முதுகில் ஏறி அணிவகுக்கிறது. சொறிந்தால் தளபதிக்குக் கோபம், சொறியாவிட்டால் சிப்பாய்களுக்கு.

இந்தக் களேபரத்தில் நான் எங்கே பயணம் போவது? நாட்டை விட்டு அரசன் நகரலாமா?

மாப்பிள்ளையிடம் எனக்கு ஒரு குறையும் இல்லை. கல்யாணத்தில் அவர்தான் எனக்கு இரண்டு முறை பாயசம் ஊற்றியவர். அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

தோலிழந்த மன்னன்,
உன் மாமன்

மார்ச் 29

மாமா,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கும் அவருக்கும் சத்தமாகப் படித்துக்காட்டினேன். விரல்கள் மாநாட்டில் அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். பிறகு, "சின்ன வயசுலேர்ந்து முழங்கைல ஒரு காசு அகலத்துக்கு வறட்சி இருக்கும் அவனுக்கு. அதைத்தான் மலையாக்குறான். நல்லா எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கச் சொல்லு" என்றாள்.

வகுத்துப் பார்த்தேன். முறம் நிறைய என்றால் ஒரு சிட்டிகை. பட்டாளம் என்றால் கொஞ்சம் அரிப்பு. இதற்காகவா நான்கு மாதம்?

எனக்கும் பனிக்காலத்தில் தலையில் பொடுகு வருகிறது. அதோடுதான் வேலைக்குப் போகிறேன், பிள்ளை பெறுகிறேன். வர மனமில்லை என்றால் ஒரே வரியில் எழுதிவிடுங்கள், தாங்கிக்கொள்வேன். தோலின்மேல் பழி போடாதீர்கள்.

மே மாதம் பிரசவ விடுப்பு முடிந்து நான் திரும்ப வேலையில் சேர வேண்டும். அதற்கு முன் ஒரு நாள் வந்து இவளை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கதையெழுதும் சிரமம் இனி வேண்டாம்.

மருமகள்

ஏப்ரல் 10

அகில உலகச் சிடுமூஞ்சிகளின் தலைவிக்கு,

கொட்டட்டும் முரசு. நான் குணமாகிவிட்டேன்.

சந்தைக்குப் பின்னால் ஒரு கூடாரத்தில் ஒரு வைத்தியர் வந்து தங்கினார். அவர் வாசலில் நின்ற கூட்டத்தைக் கலைக்க ராணுவம் வந்ததாகக் கேள்வி. பெயரில்லாத ஒரு வெள்ளை மாத்திரை தந்தார். முதல் மாத்திரையில் அரிப்பு கைகூப்பி விடைபெற்றது. ஒரு வாரத்தில் சிவப்பு போய், செதில் போய், முதுகு பளிங்குத் தரையாகிவிட்டது. ஈ உட்கார்ந்தால் வழுக்குகிறது. கடைக்குப் போனேன். முதலாளி என்னைத் தெரியாமல், "வாங்க சார், என்ன தைக்கணும்?" என்கிறார்.

அதைவிடப் பெரிய சேதி ஒன்று. நேற்று பேருந்தில் என் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்தார். மூட்டை தூக்குகிறவராக இருக்கவேண்டும், கழுத்தில் அழுக்குத் துண்டு. உட்கார்ந்தவர் தூங்கிவிட்டார். தூங்கியவர் என் தோளில் சாய்ந்துவிட்டார். நான் இறங்கவேண்டிய இடம் வந்தது. போனது. எழுப்ப மனம் வரவில்லை. கடைசி நிறுத்தம் வரை போய், வேறு வண்டி பிடித்துத் திரும்பி வந்தேன்.

மாத்திரை நேற்றோடு தீர்ந்தது. வைத்தியரும் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். போகட்டும், பகையே செத்த பிறகு வாள் எதற்கு? 24ஆம் தேதி வருகிறேன். வாத்தியக் கோஷ்டி வேண்டாம், எளிமையாக யானை மட்டும் போதும்.

பளிங்கு உடல் படைத்த,
உன் மாமன்

ஏப்ரல் 15

அன்பு மாமா,

யானை கிடைக்கவில்லை. அவருடைய ஸ்கூட்டர்தான் வரும். அம்மா இப்போதே கட்டிலுக்கு உறை மாற்றுகிறாள், வீட்டில் ஏதோ மந்திரி வருவது போல அலம்பல்.

ஒன்று கேட்கவேண்டும். பேருந்தில் ஒருவர் தோளில் சாய்ந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பக்கத்தில் ஒருவர் உட்கார்வது ஒரு மனிதருக்கு எப்போது சேதியாகும்? அதற்குப் பிறகு உங்கள் முதல் கடிதத்தை எடுத்து அந்தப் பெஞ்சைப் படித்தேன். வகுக்கத் தோன்றவில்லை. நேரில் பேசிக்கொள்வோம்.

அந்த மாத்திரையில் என்ன இருந்தது என்று யாரிடமாவது காட்டினீர்களா? ஒரு நல்ல டாக்டரைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால் எனக்கு நிம்மதி.

உங்கள் மருமகள்

ஏப்ரல் 22

மருமகளுக்கு,

24ஆம் தேதி வர இயலவில்லை. லேசான காய்ச்சல். கவலைப்பட ஒன்றுமில்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்.

மாமா

ஏப்ரல் 25, உங்கள் கதவுக்கு வெளியே

மாமா,

ஓட்டல் பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன். தட்டித் தட்டிக் கை வலிக்கிறது. கைபேசி உள்ளே அடிப்பது கேட்கிறது. நீங்கள் இருமுவதும் கேட்கிறது. வீட்டில் ஆள் இல்லை என்று நடிக்காதீர்கள். திறங்கள். அவரும் குழந்தையும் வந்திருக்கிறார்கள்.

(அதே பில்லின் ஓரத்தில், கோணல் எழுத்தில்)

போய்விடு அம்மா. இந்தக் கோலத்தைக் குழந்தை பார்க்கவேண்டாம். ஒட்டிக்கொள்ளும். ஒட்டாது என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். எனக்கே நம்பிக்கை வரவில்லை, ஊருக்கு எப்படி வரும்.

(இன்னொரு காகிதத்தில்)

மாமா, கேளுங்கள்.

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் ஒன்று சொல்லுவார்கள். காலில் கல் இடித்தவன் நாலு பக்கம் எழுதுவான். உண்மையாக அடிபட்டவன் இரண்டு வரி எழுதுவான். பெரிய தொகையைக் கொடுப்பதே அந்த இரண்டு வரிக்காரர்களுக்குத்தான். எனக்கு விவரம் தெரிந்து நீங்கள் இரண்டு வரியில் எதையும் முடித்ததில்லை. கடிதத்தைப் படித்ததும் அடுத்த வண்டியில் ஏறினேன். உங்களுக்காக உறை மாற்றிய கட்டிலில் உட்கார்ந்து அம்மா வீட்டில் அழுதுகொண்டிருக்கிறாள்.

கீழ்வீட்டுக்காரர் சுத்தியலோடு நிற்கிறார். இவளுக்குப் பசி, கத்துகிறாள், கேட்கிறதா? நீங்கள் திறக்கிறீர்களா, நாங்கள் திறக்கட்டுமா?

(அதன் பின்பக்கத்தில், அதே கோணல் எழுத்தில்)

தாழ் போடவில்லை. கதவுக்குப் பின்னால் தரையில்தான் கிடக்கிறேன். எழ முடியவில்லை. மெதுவாகத் தள்ளு.

மே 9

அன்பு மாமா,

நேற்று வேலையில் சேர்ந்தேன். உங்களை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்ததில் மனசே இல்லை. அவர் லீவு நீட்டிக்கொண்டு அங்கேயே இருப்பதால் கொஞ்சம் தைரியம். இரவில் உங்களுக்குக் களிம்பு தடவிவிடுகிறாராம். "முதுகுல ஒரு நாட்டோட வரைபடமே இருக்கு" என்று போனில் சொன்னார். உங்களோடு பழகிக் கெட்டுப்போகிறார்.

டாக்டரம்மா என்னிடம் சொன்னதை உங்களிடம் அப்படியே சொல்லவேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். உங்களிடம் சொன்னால் நீங்கள் அதை யானை குதிரை ஆக்கிவிடுவீர்கள் என்று அவருக்கும் தெரிந்துவிட்டது.

இதற்குப் பெயர் சொரியாசிஸ். உங்களுக்கு வந்திருப்பது அதில் கடுமையான வகை. உடம்பின் காவல்காரனே தவறாகத் தன் வீட்டையே அடிக்கிறான், தோல் அவசர அவசரமாக வளர்ந்து உதிர்கிறது என்றார். ஒட்டாது. தொட்டாலும், கட்டிப்பிடித்தாலும், ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது. காலையில் விரல்கள் மடங்காததும் இதே நோயின் கைவரிசை. மூட்டையும் பிடிக்குமாம். கூடாரத்து மாத்திரை ஸ்டீராய்டாக இருக்கவேண்டும் என்கிறார். அது நோயை அமுக்கி வைக்கும். சட்டென்று நின்றதும் அமுங்கியது எல்லாம் சேர்ந்து எழும். உங்கள் உடம்பு முழுக்கச் சிவந்து சீழ் கோத்தது அப்படித்தான். தோல் வேலை செய்யாவிட்டால் உடம்புச் சூடும் நீரும் நிற்காதாம். "இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா இதயம் தாங்கியிருக்காது" என்றார். இதை நான் வகுக்கவில்லை.

முழுசாகக் குணமாகாது. அடக்கி வைக்கலாம். அதற்கு ஊசி இருக்கிறது, விடாமல் போட்டுக்கொள்ள வேண்டும். நீங்கள் வேண்டாம் என்கிறீர்களாம். "திரைக்குப் பின்னால உக்காந்து பழகிடுச்சு, அப்படியே இருந்துட்டுப் போறேன்" என்று நர்ஸிடம் சொன்னீர்களாம். பார்க்க யாரும் வரக்கூடாது என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள்.

மாமா, நீங்கள் முறம் என்று எழுதியது முறம்தான். உங்கள் அறையில் பார்த்தேன். எல்லாவற்றையும் உள்ளபடி எழுதிவிட்டு, நாங்கள் நம்பாதபடி மேலே ஜரிகை வைத்துத் தைத்திருக்கிறீர்கள். நாங்களும் ஜரிகையைப் பார்த்துச் சிரித்தோம்.

18ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை இவளைத் தூக்கிக்கொண்டு வருகிறேன். பார்வையாளர் அறையில் உட்கார்ந்திருங்கள். வராதே என்று எழுதினால் கடிதத்தைப் பிரிக்கமாட்டேன். ஊசிக்குச் சம்மதம் என்று அதற்குள் கையெழுத்துப் போட்டிருக்கவேண்டும். இல்லையென்றால் அம்மாவையும் அழைத்து வருவேன். அவள் அழுகையை நிறுத்த உங்கள் ஆஸ்பத்திரியில் மருந்தில்லை.

உங்கள் மருமகள்

மே 20

என் மருமகள், முன்னாள் சிடுமூஞ்சிக்கு,

பக்கத்துக் கட்டிலில் கால் உடைந்த ஒரு லாரி டிரைவர் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அவர் எக்ஸ்ரேக்குப் போயிருந்ததால் உன் விஜயத்தைப் பார்க்கும் பாக்கியம் இல்லாமல் போனது. நடந்ததை அவருக்கு நான் சொன்னேன். வரலாறு தவறாகப் பதிவாகிவிடக்கூடாது என்பதால் உனக்கும் எழுதுகிறேன்.

ஊசிக்குக் கையெழுத்துப் போட்டேன். உன் அம்மா வருவாள் என்று பயந்து போட்டது என்று எதிரிகள் சொல்லக்கூடும். அந்த ஊசி விளக்குக்கம்பம் உயரம். அதைத் தூக்கிவர நான்கு நர்ஸ்கள், வழிகாட்ட ஒரு போலீஸ்காரர். மருந்து உள்ளே இறங்கியதும் என் உடம்பின் காவல்காரன் கம்பைக் கீழே போட்டுவிட்டு, "ஆள் தெரியாம அடிச்சிட்டேன் ஐயா" என்று காலில் விழுந்தான். டாக்டரம்மா, "பலன் தெரிய சில வாரம் ஆகும், பொறுமையா இருங்க" என்கிறார். மருத்துவத்தில் அவருக்கு இன்னும் அனுபவம் போதாது.

உடம்பு முழுக்கக் களிம்பு பூசி என்னைப் பார்வையாளர் அறைக்கு அனுப்பினார்கள். நாற்காலியில் உட்கார்ந்தால் மீன் மாதிரி வழுக்கிக் கீழே போனேன். என்னைப் பிடித்து நிறுத்த மாப்பிள்ளையும் ஆறு வார்டுபாய்களும் கயிறு கட்டினார்கள். அப்போது கதவு திறந்தது. என் பேத்தி வந்தாள். ஆஸ்பத்திரி அதிர்ந்தது. அவள் விட்ட ஓர் உதையில் தலைமை மருத்துவரின் மூக்குக்கண்ணாடி பறந்து மூன்றாவது மாடியில் விழுந்தது. அவள் அழ ஆரம்பித்ததும் மயக்கத்தில் இருந்த நோயாளிகள் எல்லாம் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

நீ அவளை என் கையில் கொடுத்தாய். நான் வேண்டாம் வேண்டாம் என்று சொன்னதை நீ கேட்கவில்லை. களிம்புக் கையில் பிள்ளை வழுக்குமே என்று நான் பயந்தேன். அவள் வழுக்கவில்லை. என் சட்டையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். "இந்தக் கிழவனோட கோட்டையை நாளைக்குப் பிடிச்சுக்கலாம், இன்னைக்குத் தூக்கம் வருது" என்று தெளிவான தமிழில் சொல்லிவிட்டு, என் முழங்கையில் கன்னத்தை வைத்துத் தூங்கினாள். அவள் விட்ட குறட்டையில் ஜன்னல் கண்ணாடி விரிசல் விட்டது.

டிரைவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "அண்ணே, நான் ஊர் ஊரா லாரி ஓட்டினவன். எத்தனையோ புளுகு கேட்டிருக்கேன். இதுல ஒண்ணாவது நெசமா?" என்றார்.

விளக்குக்கம்பம் பொய் என்று ஒப்புக்கொண்டேன். கயிறு பொய். தலைமை மருத்துவர் அன்று லீவு. குழந்தைக்கு இன்னும் தமிழ் வரவில்லை, குறட்டையும் வரவில்லை.

சின்னதாக ஒன்று மட்டும் நிஜம் என்றேன். அவள் தூங்கி எழுந்தபோது என் முழங்கையிலிருந்து ஒரு செதில் அவள் கன்னத்தில் ஒட்டியிருந்தது. நீ அந்த நேரம் ரயிலில் யாரோ உன் இடத்தில் உட்கார்ந்து சண்டை போட்டதைச் சொல்லிக்கொண்டிருந்தாய். அதைப் பார்த்தாய். விரல் நுனியால் தட்டிவிட்டாய். பேச்சை நிறுத்தவில்லை.

உன் மாமன்